தடத்தின் மேல் தடம்



கொள்ளேகாலத்திலிருந்து மாதேசுவரன் மலைக்குச் செல்லும் சாலையில் ஹனூரைக் கடந்ததும், மலைகள் மெல்ல மெல்ல நெருங்கி வரத் தொடங்குகின்றன. அவற்றின் அடிவாரத்தில், காட்டுக்கும் கழனிக்கும் நடுவே அமைந்திருக்கிறது கௌதள்ளி என்னும் ஊர். 1997ஆம் ஆண்டு வரை மைசூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்து, பின்னர் புதிதாகப் பிரிக்கப்பட்ட சாமராஜநகர் மாவட்டத்திற்கு மாறிய ஊர் இது. அங்குள்ள கடைத்தெருவில் நின்றால் ஒரு காதில் கன்னடமும் மறு காதில் தமிழும் விழும். சிவராத்திரி, உகாதி, தீபாவளி ஆகிய திருநாட்களை ஒட்டி, மாதேசுவரனைத் தரிசிக்க அடியார்கள் அவ்வழியே கால்நடையாகவும் வண்டிகளிலும் சாரிசாரியாகச் செல்வார்கள்.

இந்த வட்டாரத்தில் வேறொரு கூட்டமும் நடமாடுகிறது. மேற்கே பிலிகிரிரங்கன் மலை. வடக்கிலும் கிழக்கிலும் காவேரி வனவிலங்குச் சரணாலயம். தென்கிழக்கே மாதேசுவரன் மலைக்காடு. அதற்கும் தெற்கே தமிழகத்தின் பர்கூர், சத்தியமங்கலம் காடுகள். இவை அனைத்தையும் ஒரே வீடாக எண்ணி உலவுகின்றன யானைகள். மாநில எல்லை, மாவட்ட எல்லை என்னும் கோடுகளெல்லாம் நம்முடைய தேசப்படத்தில் இருக்கின்றனவேயன்றி, அவற்றின் தேசப்படத்தில் இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன் நண்பர் ஒருவருடன் அப்பக்கம் சென்றிருந்தபோது, காட்டோரத்தில் கேழ்வரகு பயிரிடும் முதியவர் ஒருவரின் வீட்டுத் திண்ணையில் சற்று நேரம் அமர நேர்ந்தது. சுவரில் ஓர் ஆணியில் மூன்றாண்டுக் காலண்டர்கள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தொங்கின. சில தேதிகளைச் சுற்றிக் கரிக்கோலால் வட்டம் போடப்பட்டிருந்தது. என்னவென்று கேட்டேன். "யானை வந்த ராத்திரி, ஐயா" என்றார். எண்ணிப் பார்த்தேன், நாற்பதுக்குக் குறையாத வட்டங்கள். "இத்தனை யானைகளா?" என்று வியந்தேன். அவர் சிரித்தார். "நாற்பது யானை ஏது ஐயா? நாலே நாலு. அதுகள்தாம் மாறி மாறி வருகின்றன" என்றார்.

மூன்று காலண்டர்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் மற்றோர் உண்மையும் விளங்கிற்று. வட்டங்கள் ஆண்டு முழுவதும் சிதறியிருக்கவில்லை. கேழ்வரகு கதிர் முற்றும் மாதங்களிலேயே நெருங்கி நின்றன. மூன்றாண்டுகளின் நிகழ்ச்சிகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் படிய வைத்து, அதிலிருந்து ஓர் ஒழுங்கைக் கண்டறியும் வேலையை அந்தப் பெரியவர் ஓர் ஆணியையும் ஒரு கரிக்கோலையும் கொண்டே செய்து முடித்திருந்தார். பெரிய பெரிய யந்திரங்களைக் கொண்டு விஞ்ஞானிகள் இன்று செய்வதும் அடிப்படையில் அதே வேலைதான். நடமாடும் உயிர்களின் தடங்களை இடத்தாலும் காலத்தாலும் ஒன்றன்மேல் ஒன்று பொருத்திப் பார்க்கும் அந்தக் கலையைப் பற்றியே இன்று சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன்.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவன் நான். ஆதலால் முதலில் சொற்களிடம் செல்கிறேன். தமிழில் சுவடு என்கிறோம், தடம் என்கிறோம், பாதை என்கிறோம். ஒரு கால் ஒரு முறை பதிந்தால் அது சுவடு. சுவடுகள் ஒன்றையொன்று தொடர்ந்தால் அது தடம். தடத்தின்மேல் தடம் விழுந்து, புல் தேய்ந்து, மண் இறுகினால் அது பாதை. இந்த மூன்று சொற்களுக்குள் நம் விஷயம் முழுவதும் அடங்கிவிடுகிறது. சுவட்டிலிருந்து தடத்தையும், தடங்களிலிருந்து பாதையையும் எவ்வாறு அறிவது? அறியும்போது எங்கே தவறுவோம்? இவையே கேள்விகள்.

சுவடு படிக்கும் கலை இம்மலைகளுக்குப் புதியதன்று. யானையின் முன்னங்காலடிச் சுற்றளவை இரட்டித்தால் ஏறக்குறைய அதன் தோளுயரம் கிடைத்துவிடும் என்பது வனத்தில் திரிவோர் நெடுங்காலமாக அறிந்த கணக்கு. மைசூர் அரசாங்கத்தில் கால்வாய்களைக் கவனித்து வந்த சாண்டர்சன் என்னும் ஆங்கிலேயர், பிலிகிரிரங்கன் மலையடிவாரத்தில் யானைகள் எந்தப் பருவத்தில் எவ்வழியே இறங்குகின்றன என்பதை இவ்வாறே அறிந்து, 1874ஆம் ஆண்டில் சாமராஜநகருக்கு அருகே 55 யானைகளை ஒருசேர வளைத்துப் பிடித்தார். வழியை அறிந்தவன் கையில் யானை அகப்பட்டுவிடுகிறது என்பதை அந்நிகழ்ச்சி காட்டிற்று. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இதற்கு மீண்டும் வருவோம்.

நூறாண்டு கழித்து, பிடிப்பதற்காக அன்றிப் புரிந்துகொள்வதற்காக அதே மலைகளுக்கு வந்தார் ராமன் சுகுமார் என்னும் தமிழர். 1980களின் தொடக்கத்தில் சத்தியமங்கலம், சாமராஜநகர்க் காடுகளில் அவர் யானைகளைத் தொடர்ந்து கவனித்தார். காதின் கிழிசல், தந்தத்தின் வளைவு ஆகிய அடையாளங்களைக் கொண்டு ஒவ்வொரு யானையையும் தனித்தனியே இனங்கண்டார். கோடையில் அவை நீருள்ள பள்ளத்தாக்குகளில் நெருங்கிக் கூடுகின்றன. மழை தொடங்கியதும் உயரமான புல் தழைக்கும் காடுகளில் பரவுகின்றன. அந்தப் புல் முற்றிச் சொரசொரத்துப் போனபின், ஆண்டின் இறுதியில், குட்டைப் புல்லுள்ள தாழ்ந்த காடுகளுக்கு இறங்குகின்றன என்று கண்டார். அவ்வாறு இறங்கி வரும் காலமும் காட்டோரக் கழனிகளில் கேழ்வரகு முற்றும் காலமும் ஒன்றாக அமைந்துவிடுகின்றன. பயிரில் நுழைபவை பெரும்பாலும் தனித்துத் திரியும் களிறுகள் என்பதும், பிடிகளும் கன்றுகளும் சேர்ந்த கூட்டங்களைவிட அவை பல மடங்கு அதிகமான இரவுகளில் வருகின்றன என்பதும் அவ்வாராய்ச்சியில் வெளிப்பட்டன. நாற்பது வட்டங்களுக்கு நான்கு யானைகள் என்று திண்ணையில் கேட்ட கணக்கு இதுவே.

1990களில் முதுமலைப் பகுதியில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் யானைகளுக்கு ரேடியோ காலர் பூட்டி ஆராய்ந்தனர். காலரிலிருந்து எழும் அலையை ஏரியல் கொண்டு இரண்டு இடங்களில் நின்று கேட்டு, இரு திசைகளும் வெட்டிக்கொள்ளும் புள்ளியில் யானை இருப்பதாகக் கணிப்பது அக்கால முறை. ஒரு பிடிக்கூட்டம் 500 சதுர கிலோமீட்டருக்கும் அதிகமான பரப்பில் உலவுகிறது என்பது அதனால் தெரியவந்தது. இன்று ஜி.பி.எஸ். காலர் விண்கோள்களின் உதவியால் தன் இருப்பிடத்தைத் தானே குறித்துக்கொள்கிறது. மணிக்கொரு முறை குறித்தால் ஓராண்டில் 8,760 புள்ளிகள். பத்து யானைகளென்றால் ஒரு லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. இந்தப் புள்ளிக்கூட்டத்தை வெறுங்கண்ணால் பார்த்து எவராலும் ஒன்றும் சொல்ல முடியாது.

இங்கேதான் தடங்களைப் படிய வைக்கும் கணக்கு தொடங்குகிறது. மிக எளிய வழி, தேசப்படத்தைச் சதுரங்கப் பலகைபோல் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை புள்ளிகள் விழுந்தன என்று எண்ணுவது. மற்றொரு வழி, ஒவ்வொரு புள்ளியின் மீதும் ஒரு பிடி மணலைக் குவிப்பதாக எண்ணிக்கொள்வது. புள்ளிகள் நெருங்கிய இடத்தில் மணல் குன்றாக உயரும்; அரிதான இடத்தில் தரையோடு தரையாக இருக்கும். குன்றுகளைச் சிவப்பாகவும் சமவெளியை வெளிறிய நிறமாகவும் தீட்டினால், யானைகள் மிகுதியாகத் தங்கும் இடங்கள் கண்ணுக்குப் புலப்பட்டுவிடும். பார்வைக்கு அழகான படம். ஆனால் அழகான படங்களிடம் நாம் சற்று எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

ஏன் என்று கேட்பீர்கள். மூன்று காரணங்கள் சொல்கிறேன்.

முதலாவது, பெரியவர் சொன்ன காரணம். நாற்பது வருகை என்பது நாற்பது யானை ஆகாது. காலர் பூட்டிய ஒரு யானை ஆயிரம் முறை ஓரிடத்தில் நின்றாலும் அது ஒரே யானையின் பழக்கம்தான். அதைக் காட்டிலுள்ள எல்லா யானைகளின் வழக்கமாகக் கொள்ளலாகாது.

இரண்டாவது, சராசரியின் மயக்கம். ஒரு குன்றை வடபுறமாகச் சுற்றிச் சில யானைகளும், தென்புறமாகச் சுற்றிச் சில யானைகளும் செல்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு தடங்களுக்கும் நடுவே சராசரிக் கோடு ஒன்றை இழுத்தால், அது குன்றின் உச்சி வழியே போகும். எந்த யானையும் ஒருநாளும் ஏறாத உச்சி! அந்தக் கோட்டை நம்பி அகழியும் வேலியும் அமைத்தால், செலவும் வீண். யானை வரும் வழியும் திறந்தே கிடக்கும்.

மூன்றாவதே மிக முக்கியமானது. புள்ளிகளை எண்ணும் கணக்கு, தங்கும் இடங்களைப் பெரிதாகவும் கடக்கும் இடங்களைச் சிறிதாகவும் காட்டிவிடுகிறது. பாலத்தின் மேல் எவரும் குடியிருப்பதில்லை. ஒரு நாளில் சில நிமிடங்களே ஒருவன் பாலத்தில் இருப்பான். ஆயினும் பாலம் இடிந்தால் இரு கரைகளும் பிரிந்துவிடும். இரு காடுகளை இணைக்கும் ஒடுங்கிய நிலப்பகுதிகளை யானைகள் இரவில் விரைந்து கடந்துவிடுகின்றன. அங்கே விழும் புள்ளிகள் மிகச் சில. மணற்குன்றுப் படத்தில் அவ்விடம் வெளிறிக் கிடக்கும். படத்தை மட்டும் பார்ப்பவர், "இங்கே யானையே இல்லை, வீடு கட்டலாம்" என்று முடிவு செய்துவிடலாம். ஆகவே, எத்தனை புள்ளிகள் விழுந்தன என்பதோடு நிற்காமல், எத்தனை தடங்கள் அவ்வழியே கடந்தன என்றும் எண்ண வேண்டும்.

இது கற்பனை அச்சமன்று. பிலிகிரிரங்கன் மலையையும் மாதேசுவரன் மலையையும் இணைக்கும் எடையாரள்ளி–தொட்டசம்பிகெ வழித்தடம் இத்தகையதே. அங்கே யானைகள் கடக்கும் வழியில் இருந்த பட்டா நிலங்களில் ஏறத்தாழ 25 ஏக்கரை, வனவிலங்கு அறக்கட்டளையினர் உரியவர்களிடமிருந்து விலை கொடுத்து வாங்கி வனத்துறையிடம் ஒப்படைத்தார்கள். பெரிய காடுகளின் பரப்போடு ஒப்பிட்டால் 25 ஏக்கர் ஒரு தூசு. ஆனால் பாலத்தின் மதிப்பு அதன் பரப்பில் இல்லை.

இதுவரை இடத்தைப் பற்றியே பேசினோம். காலத்தைச் சேர்க்காவிட்டால் நம் படம் பாதி உண்மையாகவே நிற்கும். ஸ்வீடன் நாட்டுப் பூகோள அறிஞர் டோர்ஸ்டன் ஹேகர்ஸ்ட்ராண்ட் 1970ஆம் ஆண்டில் ஓர் எளிய யோசனையை விளக்கினார். தேசப்படத்தை மேசைமேல் விரியுங்கள்; அதன்மேல் காலத்தைச் செங்குத்தாக, ஒரு கம்பம்போல் நிறுத்துங்கள். ஒருவன் அசையாமல் இருந்தால் அவன் தடம் நேர்மேலாக ஏறும் கோடு, நடந்தால் சாயும், விரைந்தால் மேலும் படுத்துச் சாயும். தரையில் விழும் நிழலைப் பார்த்தால் இரண்டு தடங்கள் வெட்டிக்கொள்வதுபோல் தோன்றலாம். ஆனால் நிமிர்ந்து பார்த்தால், ஒன்று காலை உயரத்திலும் மற்றொன்று நள்ளிரவு உயரத்திலும் தொடாமலே கடந்து செல்வது தெரியும்.

கௌதள்ளிச் சாலையை இந்தக் கண்ணோடு பாருங்கள். அதே சாலையில் பகலில் பக்தர்கள் நடக்கிறார்கள்; இரவில் யானை கடக்கிறது. வெறும் தேசப்படத்தில் இரண்டு தடங்களையும் படிய வைத்தால் சாலை நெடுகிலும் ஆபத்து என்று சிவப்பு மையை ஊற்ற வேண்டியிருக்கும். காலத்தையும் சேர்த்துப் படிய வைத்தால், ஆபத்து சில இடங்களில், சில மாதங்களில், அந்தி மயங்கும் வேளையிலும் விடியற்காலையிலும் மட்டுமே திரண்டு நிற்பது புலனாகும். ஒரே வழியைப் பகிர்ந்துகொள்வதால் மோதல் பிறப்பதில்லை; ஒரே வழியில் ஒரே வேளையில் எதிர்ப்படுவதால்தான் பிறக்கிறது. இன்று நான் சொல்ல வந்த செய்தி இதுவே.

இதை நன்குணர்ந்து செய்த முயற்சி ஒன்று நம் தமிழகத்திலேயே இருக்கிறது. வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களுக்கு இடையே யானைகள் நடமாடுகின்றன. அங்கே நேர்ந்த உயிரிழப்புகளுள் பெரும்பாலானவை, யானை அருகில் இருப்பதை அறியாமல் எதிரே சென்று நின்றதால் நேர்ந்தவை என்று இயற்கைப் பாதுகாப்பு நிறுவனத்தார் கண்டனர். அதனால், யானை இருக்கும் இடத்தை அன்றன்று மாலையில் கைத்தொலைபேசிச் செய்தியாக மக்களுக்கு அனுப்பினர். உள்ளூர்க் கேபிள் தொலைக்காட்சியில் எழுத்தோட்டமாக ஓடவிட்டனர். தொலைபேசி அழைப்பால் எரியக்கூடிய சிவப்பு விளக்குகளைச் சாலைச் சந்திகளில் நிறுத்தினர். வேலையிலிருந்து திரும்பும் ஒரு பெண் அந்தச் செய்தியைக் கண்டு அரைமணி நேரம் பொறுத்துப் புறப்பட்டாலே போதும். இரண்டு தடங்களும் தொடாமல் விலகிவிடும். யானையை விரட்டவும் இல்லை, மனிதரைக் குடிபெயர்க்கவும் இல்லை; நேரத்தைச் சற்று நகர்த்தினார்கள், அவ்வளவே.

நேரத்தை நகர்த்துவதற்கும் விலை உண்டு என்பதை மறந்துவிடலாகாது. சாமராஜநகர் மாவட்டத்தைச் சேர்ந்த பந்திப்பூர்க் காட்டின் வழியே இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை வாகனங்கள் செல்லலாகாது என்று 2009ஆம் ஆண்டில் தடை வந்தது. பண்ணாரி–திம்பம் மலைப்பாதைக்கும் 2022ஆம் ஆண்டில் உயர் நீதிமன்ற உத்தரவின்படி இரவுத் தடை வந்தது. காட்டுயிர்களுக்கு அது நன்மை. ஆனால் மாலையில் அறுத்த காய்கறியை விடியுமுன் சந்தைக்கு அனுப்ப வேண்டிய தாளவாடி விவசாயிக்கு ஓர் இரவு என்பது ஒரு மூட்டையின் விலை. அவ்விவசாயிகள் எதிர்ப்புத் தெரிவித்ததில் வியப்பில்லை. தடங்களின் கணக்கில் யானையின் தடத்தோடு தக்காளிக் கூடையின் தடத்தையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

கோடு சட்டமாகும்போது இந்தப் பொறுப்பு மேலும் கூடுகிறது. இந்தியாவின் யானை வழித்தடங்கள் 88 என்று 2005ஆம் ஆண்டு வெளிவந்த நூல் ஒன்று பட்டியலிட்டது. 2017இல் அது 101 ஆயிற்று. 2023இல் மத்திய அரசாங்கத்தின் அறிக்கை 150 என்று கூறிற்று. நீலகிரியின் சீகூர் வழித்தடத்தைப் பற்றிய தமிழக அரசாங்கத்தின் 2010ஆம் ஆண்டு அறிவிக்கையை உச்ச நீதிமன்றம் 2020ஆம் ஆண்டில் உறுதி செய்தது. அதே தீர்ப்பில், நில உரிமையாளர்களின் முறையீடுகளைக் கேட்க ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரின் தலைமையில் குழு அமைக்கவும் வழி செய்தது. ஏன்? வழித்தடத்தின் எல்லைக்கோடு ஒரு கட்டம் இப்பாலோ அப்பாலோ நகர்ந்தால், ஒருவருடைய வீடு உள்ளே வந்துவிடும். மற்றொருவருடைய தோட்டம் வெளியே போய்விடும். கோடு இழுப்பவர் எந்த யானைகளின், எந்த ஆண்டுகளின், எந்த வேளைகளின் தடங்களைக் கொண்டு அதை இழுத்தார் என்று கேட்க அந்த வீட்டுக்காரருக்கு உரிமை உண்டு. அதற்கு அவருக்குப் புரியும் மொழியில் விடை சொல்லும் கடமை நமக்கு உண்டு.

இறுதியாக, சாண்டர்சனிடம் திரும்புவோம். வழியை அறிந்தவன் கையில் யானை அகப்பட்டுவிடும் என்று கண்டோமல்லவா? இதே மாதேசுவரன் மலைக்காடுகளில் தந்தத்திற்காகக் களிறுகளைக் கொன்று குவித்த வீரப்பனும் தடங்களை நன்கு அறிந்தவன்தான். 2004ஆம் ஆண்டில் அவன் கதை முடிந்தது. தந்தத்தின் மேலுள்ள ஆசை முடிந்துவிடவில்லை. ஆகவே, யானை இப்பொழுது எங்கே நிற்கிறது என்பதை யாருக்குச் சொல்வது, எவ்வளவு சொல்வது என்பதிலும் விவேகம் வேண்டும். மனிதருக்கும் இது பொருந்தும். உடற்பயிற்சிக்காக ஓடுவோரின் தடங்களை உலகம் முழுவதும் திரட்டிப் படமாக வெளியிட்டது ஒரு கம்பெனி. பெயர்கள் எதுவும் அதில் இல்லை. எனினும் 2018ஆம் ஆண்டின் தொடக்கத்தில், பாலைவனத்தின் நடுவே ஒளிர்ந்த சில கோடுகள் இராணுவ முகாம்களைக் காட்டிக்கொடுத்துவிட்டன என்று கண்டுபிடித்தார்கள். ஆயிரம் தடங்களை ஒன்றாகக் கலந்துவிட்டோம், இனி எவருடைய மறைவும் கெடாது என்று நினைப்பது பிழை. கூட்டத்தின் தடமே சில வேளைகளில் தனிமனிதனைக் காட்டிக்கொடுத்துவிடும்.

நேயர்களே, 2025ஆம் ஆண்டு வெளியான மதிப்பீட்டின்படி இந்தியாவில் 22,446 காட்டு யானைகள் இருக்கின்றன. அவற்றுள் 6,013 கர்நாடகத்தில். இவை நடப்பதற்கு இடம் வேண்டும். அவற்றின் அருகே வாழும் உழவருக்கு அச்சமின்றி உறங்க இரவு வேண்டும். இரண்டையும் கொடுக்கக்கூடிய அறிவு நம்மிடம் இரு பாதிகளாகப் பிரிந்து கிடக்கிறது. அலுவலகத்துத் தேசப்படத்தில் யானை வந்த இடங்கள் இருக்கின்றன. திண்ணைச் சுவரில் தொங்கும் காலண்டரில் யானை வந்த இரவுகள் இருக்கின்றன. தேசப்படத்தை வைத்திருப்பவர் ஒருநாள் அந்தத் திண்ணைக்குச் சென்று அமர்ந்து, காலண்டரைக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். அந்தப் பெரியவர் தாராளமாகக் கொடுப்பார். என்னிடம் காட்டியபோது அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "பார்த்துவிட்டுத் திரும்ப அதே ஆணியில் மாட்டிவிடுங்கள், ஐயா. இந்த வருஷமும் குறிக்க வேண்டும்."